வண்டி இருக்கும் இடம் தெரியும், சொல்ல மாட்டேன்

திருட்டுப்போன வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே, அதன் சொந்தக்காரரிடம் அதை மட்டும் சொல்லாமல் மற்றதையெல்லாம் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது.

ஜோகூர் பாருவில், தெப்ராவில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம். காரோ, லோரியோ, மோட்டார் சைக்கிளோ, எதுவானாலும் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒளித்துவைப்போம். வண்டி இருக்கும் இடத்தை அது எங்கள் திரைக்கு ஒரு புள்ளியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டி களவு போனால் சொந்தக்காரர் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகாரின் நகல் என் கைக்கு வந்ததும், புள்ளி நிற்கும் இடத்தைப் போலீசுக்குச் சொல்வேன். போலீசுக்கு மட்டும். சொந்தக்காரர் அழுதாலும் திட்டினாலும் தெரிந்த டத்தோ பட்டக்காரரின் பெயரைச் சொன்னாலும் அவருக்குக் கிடையாது.

இதற்கு முன்னால் தினசரி ஒன்றில் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். வண்டித் திருட்டு என்றால் அதில் நாலு வரி: எண், நிறம், இடம், விசாரணை தொடர்கிறது. விசாரணை தொடரும்போது சொந்தக்காரர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று அந்த நாலு வரியில் எழுத இடமிருந்ததில்லை. வண்டியைப் பறிகொடுத்தவர்களுக்கும், பறிகொடுத்தவர்களின் போனை எடுத்துப் பழகியவர்களுக்கும் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், கார்ச்சாவி பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மச்சான்கள்

மாசாயில் புல் வெட்டும் குத்தகை எடுத்திருக்கும் குணாளன், தன் பிக்அப் வண்டியைப் பறிகொடுத்த அன்று, போனில் திட்டியது போதாமல் நேரிலேயே வந்துவிட்டார். கூட மூன்று மச்சான்கள். ஒருவர் கையில் செம்பனை மட்டை வெட்டுகிற பாராங் கத்தி, நாளிதழ்த் தாளில் சுற்றியபடி. புகார் வந்துவிட்டது, போலீஸ் கிளம்பிவிட்டது, கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். இடத்தை மட்டும் சொல், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் குணாளன். மச்சான்கள் தலையாட்டினார்கள். புல்வெட்டும் மெஷின்கள் எல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தன. அவை போனால் அவருடைய ஆட்களுக்கு மறுநாள் வேலை இல்லை. கோபம் நியாயமானதுதான். நான் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து நாலு பேருக்கும் தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் டீ, வரவழைத்தேன்.

ஐஸ் கரைந்து வெகுநேரம் ஆன பிறகு போலீஸ் அழைத்தது. வண்டி கிடைத்துவிட்டது, மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் வண்டி நின்ற கொட்டகையில் இருந்தவர்களை மடக்க இன்னொரு ரோந்துக் காரைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. ஒரு காவலருக்குக் கையில் வெட்டு. இதைக் கேட்டதும் கத்தி வைத்திருந்த மச்சான் தாளை இன்னொரு சுற்று சுற்றினார். மூவரும் படியிறங்கிப் போனார்கள். குணாளன் மட்டும் பின்தங்கி, என் மேசைப் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "நல்ல வேள நீங்க வாயத் தொறக்கலண்ணே. தொறந்திருந்தா, மச்சானுங்க பாக்குறாங்களேன்னு நான்தான்லா மொதல்ல உள்ள போயிருக்கணும்."

சாலை இல்லாத இடத்தில் ஒரு கார்

பிலோமினா டீச்சர் ஓய்வு பெற்றுச் சிகாமட்டில் இருக்கிறார். மழை பிடித்ததும் காரைப் பத்திரமாகத் தம்பி வீட்டு மேட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். அவர்கள் கணக்கில் அது மேடு. மறுநாள் காலை தம்பி கதவைத் திறந்தபோது வாசலில் தண்ணீர் இருந்தது, கார் இல்லை. தண்ணீர் முழங்கால்வரைதான் வந்தது, கார் போகிற அளவுக்கு வரவில்லை, யாரோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தம்பி அடித்துச் சொன்னார். வெள்ள நிவாரண மையத்தில் இருந்த காவலரிடமே டீச்சர் புகார் கொடுத்தார்.

என் திரையில் புள்ளி செம்பனைத் தோட்டத்துக்குள் ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தில் அங்கே சாலையே இல்லை. கொஞ்சம் நிற்கும், பாதி திரும்பும், மறுபடி போகும். அந்த ஊர்க் காவலர், திருடன் டிராக்டர் வைத்து இழுக்கிறானா என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது: தோட்டத்துக்கு அப்பால் ஆறு எந்தப் பக்கம் வளைகிறதோ, அந்தப் பக்கமே புள்ளியும் வளைந்தது. கடைசியில் ஒரு செம்பனை மரத்தில் சாய்ந்து நின்றது. படகில் போனவர்கள் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

டீச்சருக்கு விஷயத்தைச் சொன்னேன். தேவாலயத்துக்குப் போக, மருந்து வாங்க, தனியாளாக அவருக்கு இருந்தது அந்த ஒரு கார். அழவில்லை. வகுப்பறையில் யாரோ பின் வரிசையில் பேசியதைக் கண்டுபிடிக்க முடியாமல்போனவர் மாதிரி சலித்துக்கொண்டார்: "திருடன்னா நாலு வார்த்தை திட்டியாவது மனசு ஆறும் தம்பி. ஆத்தப் போயி என்னன்னு திட்டுறது?"

எந்த மாடி

மாசாய் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் மலர்விழி, தொழிற்சாலைக்குப் போக வர ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அது காணாமல் போய், புள்ளி இன்னொரு அடுக்குமாடியின் மேல் நின்றது. நகரவே இல்லை. போலீஸ் போய் வாகன நிறுத்துமிடத்தைச் சல்லடையாகச் சலித்தது. குப்பை அறை, மாடிப்படிக்குக் கீழே, பின்னால் இருக்கும் புதர். எங்குமில்லை. புள்ளி மட்டும் அங்கேயே இருக்கிறேன் என்றது. இந்தக் கருவியில் ஒரு குறை உண்டு: எந்தத் தெரு என்று சொல்லும், எந்த மாடி என்று சொல்லாது.

காவலர் ஒருவர் லிஃப்டுக்குள் ஏறியபோது சுவரில் புதிதாக டயர் தேய்த்த கறுப்புத் தடம் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு மாடியாக ஏறினார்கள். வண்டி ஒரு வீட்டுச் சமையலறையில், அரிசி டப்பாவுக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவில், துணி போர்த்தி நின்றது. வண்டியைத் திரும்பப் பெற்ற மகிழ்ச்சியைவிட மலர்விழிக்கு வேறொரு வருத்தம்தான் பெரிதாக இருந்தது: "நான் ஒரு பூத்தொட்டிய வெளிய வெச்சாலே எதிர்வீட்டுல ஆயிரம் கேள்வி கேக்குறாங்க. இவன் மோட்டரையே லிஃப்டுல ஏத்தியிருக்கான், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையாலா?"

திருட்டுப் போகாத கார்

தெப்ராவிலிருந்தே ஒரு பெண் அழைத்தார். கார் திருட்டுப் போய்விட்டது, எங்கே இருக்கிறது என்று உடனே சொல்லுங்கள் என்றார். கடைசியாக யார் ஓட்டினார்கள் என்றேன். என் வீட்டுக்காரர் என்றார். அவர் என்ன சொல்கிறார் என்றேன். அவரைத்தான் காணோம் என்றார். அதாவது கார் திருட்டுப் போகவில்லை. கணவர் வீடு திரும்பவில்லை. கணவன் எங்கே என்று கேட்டு வரும் அழைப்புகள் எங்களுக்குப் புதிதல்ல. பெரும்பாலும் சந்தேகம். சொல்ல முடியாது அம்மா என்கிற பதிலை வாய் தானாகவே சொல்லிவிடும்.

இவர் குரலில் சந்தேகம் இல்லை, பயம்தான் இருந்தது. கணவர் சிங்கப்பூரில் வேலை. அந்த வாரம்தான் அவருடன் வேலை செய்த ஒருவர் சாலை விபத்தில் இறந்து, இவர்கள் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். அன்று கணவர் வழக்கமாக வரும் நேரம் தாண்டி வெகுநேரமாகியும் போன் அணைந்தே கிடந்தது. இடம்கூட வேண்டாம் அண்ணே, வண்டி நகருதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். திரை என் முன்னால்தான் இருந்தது. காவல் நிலையத்துக்குப் போங்கள், அவர்கள் கேட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுவேன் என்றேன். அப்படியே நடந்தது. கார் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் சிக்கி, நகர்வதே தெரியாமல் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. மனிதரின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. காவலர் இதை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு நன்றி சொல்ல அழைத்தவர் குரல் இப்போது வேறாக இருந்தது: "உயிரோட இருக்காருன்னு போலீஸ் சொல்லிட்டாங்கண்ணே. வீட்டுக்கு வந்தப்புறம் எப்படி இருப்பாருன்னு நான் சொல்ல முடியாது."

பொட்டு

கருவி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள். எங்கள் தொழில்நுட்பர் ஆ மெங் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் இதைச் சொல்லித்தான் சாவியைத் திருப்பிக் கொடுப்பார். மணல் லோரி வைத்திருந்த சந்திரன் சொன்ன சொல் தவறவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, ஓட்டுநரிடம் சொல்லவில்லை. ஆனாலும் ஆயுத பூசை முடிந்த கையோடு லோரி களவு போனபோது, அது கிளம்பிய சற்று நேரத்திலேயே புள்ளி செத்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தே கருவியைப் பிடுங்கியிருக்கிறார்கள். லோரியைப் பிறகு போலீஸ்தான் ரோந்தில் கண்டுபிடித்தது, டயர்கள் இல்லாமல்.

எப்படித் தெரிந்தது என்று ஆ மெங்குக்குத் தூக்கம் வரவில்லை. அடையாளத்துக்காகச் சந்திரன் அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பூசையன்று எடுத்த படம். லோரிக்கு மாலை. கண்ணாடியில், விளக்குகளில், சக்கரங்களில், ஸ்டீயரிங்கில், சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, எவனும் திரும்பிப் பார்க்காத ஒரு வெற்று பிளாஸ்டிக் மூடியின் நட்ட நடுவிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. ஆ மெங் மலாயில் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்தார். சந்திரனைக் கேட்டோம். அவருக்குத் தன்மேல் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை: "எல்லா சாமானுக்கும் வெச்சிட்டு, அதுக்கு மட்டும் வெக்காம விட்டா அது எப்படிண்ணே நமக்கு ஒழைக்கும்?"

சார்ஜனின் வரைபடம்

வண்டித் திருட்டுகளைப் பார்க்கும் போலீஸ் பிரிவில் எனக்கு அதிகம் வாய்த்தவர் சார்ஜன் ரோஸ்லி. நேரில் பார்த்தது மிகக் குறைவு, போனில்தான் பழக்கம். நான் புள்ளியின் இடத்தைப் படமாக, இணைப்பாக, எண்களாக எப்படி அனுப்பினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கடைக்குப் பக்கத்தில்? மீ கோரேங் கடையா, இஞ்சி டீ போடுகிறவனா, அந்த ரொட்டி சானாய் கடைக்கு முன்னாலா பின்னாலா? அவருக்காகவே ஜோகூர் பாருவின் சாப்பாட்டுக் கடைகளை மனப்பாடம் செய்தேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு என்னைத்தான் எல்லாரும் வழி கேட்கிறார்கள்.

ஒருநாள் பொறுக்காமல், இவ்வளவு துல்லியமான புள்ளி இருக்கும்போது கடை எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவர் எதையோ மென்றுகொண்டே மலாயில் சொன்ன பதில் இது: "ஒன்னோட புள்ளி, கார் அங்க இருக்குன்னு சொல்லும். புதுசா யாரு வந்து உக்காந்து சாப்புடுறான்னு கடைக்காரன்தான் சொல்லுவான்."

ஏர்கான்

கதிரேசன் அழைத்தது ஒரு காலை நேரம். மாசாய்க்காரர், தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கடைவரிசை முன்னால் காரை நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் கார் இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்றேன். ஓடிக்கொண்டிருந்தது என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பெருமூச்சுகூட வருவதில்லை. காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறேன் என்றவர், நகலையும் அனுப்பினார். திரையில் புள்ளி பாசீர் கூடாங் நெடுஞ்சாலையை விட்டு விலகி உலு திராம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சார்ஜனை அழைக்கப் போனேன். கதிரேசன் விடவில்லை. கார் போனால் போகட்டும் சார், முன் சீட்டில் அப்பா இருக்கிறார் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டிக்குள் ஆள் இருந்தால் அது ஆள்கடத்தல், வேறு வழக்கு. அப்பாவுக்கு என்ன வயது, கையில் போன் வைத்திருக்கிறாரா என்று மளமளவென்று கேட்டேன்.  அவர் மெதுவாகச் சொன்னார். அப்பாவை முந்தின நாள் தகனம் செய்திருந்தார்கள். அன்று காலை மின்சுடலையில் அஸ்தியை வாங்கி, மண்கலயத்தில் இட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, கடலில் கரைக்கக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். கலயம் உருண்டுவிடாமல் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருந்தார். அக்காள் பரிமளா, சடங்கு செய்யும் பண்டாரத்துடன் படகுத்துறையில் காத்திருந்தார். சடங்குக்குப் பால் வாங்க மறந்தது வழியில்தான் ஞாபகம் வந்தது. அஸ்தியோடு கடைக்குள் போகக்கூடாது என்று கலயத்தைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

அதெல்லாம் சரி, என்ஜினை ஏன் அணைக்கவில்லை என்று புகார் எழுதிய காவலரும் கேட்டிருக்கிறார், நானும் கேட்டேன். அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பக்கத்திலேயே வேலை செய்து ஓய்ந்தவராம். காரில் ஏறினால் கதவைச் சாத்துவதற்கு முன்பே ஏர்கானைத் தட்டிவிடுவாராம். "நேத்து அவ்வளவு நெருப்புல வெச்சேன் சார். இன்னைக்கி வெயில்ல விட்டுட்டு எறங்க மனசு வரல."

பெல்ட்

எங்கள் கருவியால் இன்னொன்றும் முடியும். வண்டி நின்றிருக்கும்போது இங்கிருந்தே என்ஜினை முடக்கிவிடலாம். எப்போது முடக்குவது என்பதைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எட்டத்தில் இருக்கும்போது முடக்கினால், திருடர்கள் உஷாராகி, எடுப்பதை எடுத்துக்கொண்டு, மற்றதைக் கண்ட இடத்தில் வீசிவிட்டு ஓடுவார்கள். முடக்காமலே விட்டால், தகரம் அடைத்த ஏதாவது ஒரு கொட்டகைக்குள் வண்டி நுழைந்து புள்ளியே மறைந்துபோகும். வழக்கமாக வீசப்படுவது குடையும் குழந்தைச் செருப்பும்தான். அன்று அப்படி இல்லை.

சார்ஜனிடம் சொன்னேன். அஸ்தி என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, இறந்தவருடைய சாம்பல், இன்று கடலுக்குப் போய்ச் சேர வேண்டியது என்றேன். நான் சொல்லும்வரை எதிலும் கைவைக்காதே என்றார். புள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்துச் சாலைக்குள் நுழைந்தது. அங்கே சற்று நின்றது. முடக்கும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. போலீஸ் கார் இன்னும் தூரத்தில். நான் அழுத்தவில்லை. புள்ளி மறுபடி கிளம்பி, தோட்டத்தைக் கடந்து, பழைய இரும்புக் கடைகள் இருக்கும் வரிசையில் போய் நின்றது. இப்போது என்றார் சார்ஜன். முடக்கினேன். கார் கிடைத்தது. அதில் வந்தவர்கள் பின்பக்கப் புதருக்குள் ஓடி மறைந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்த காவலர் எனக்குப் படம் அனுப்பினார். காரில் ஒரு கீறல் இல்லை. முன் சீட்டில் பெல்ட் மாட்டியது மாட்டியபடியே இருந்தது; அதற்குள் ஒன்றும் இல்லை. பின் சீட்டு, டிக்கி, சுற்றியிருந்த சாக்கடை எல்லாம் பார்த்துவிட்டார்கள். கதிரேசனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கார் கிடைத்ததைச் சொன்னதை அவர் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "எங்கயாவது கொட்டிட்டானுங்களா சார்? கொட்டுன எடமாச்சும் சொல்லுங்க, அந்த மண்ணயாவது அள்ளிட்டு வரேன்."

எதிர்ப்பக்கம்

கார் போன வழியைத் திரையில் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். மாசாயிலிருந்து இரும்புக்கடைவரை அது தானாக நின்றது ஒரே இடத்தில்தான், அந்தத் தோட்டத்துச் சாலையில். விளக்கு இல்லை, சந்திப்பு இல்லை, நிற்க ஒரு காரணமும் இல்லாத இடம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு சின்ன தகரக் கூரை தெரிந்தது. சார்ஜனிடம் சொன்னேன். பக்கத்தில் கடை இல்லையே என்றவர், உடனே, இரு, அது உங்கள் ஆட்களின் கோயில், அந்தப் பக்கம் நான் போயிருக்கிறேன் என்றார். தோட்டத்தில் தமிழர்கள் குடியிருந்த காலத்து முனியாண்டி கோயில். ஆட்கள் போய்விட்டார்கள், சாமி மட்டும் இருக்கிறது. சார்ஜன் இரண்டு காவலர்களோடு அங்கே போனார். அவர் அனுமதியோடு கதிரேசனும், படகுத்துறையிலிருந்து வந்துவிட்ட பரிமளாவும் உறவினர் காரில் பின்னால் போனார்கள். சார்ஜன் போனை அணைக்காமல் வைத்திருந்தார்.

காவலர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் தேடினார்கள். சூலத்துக்குப் பின்னால், விளக்குப் பெட்டிக்குள், சாமான் வைக்கும் மூலையில். ஒன்றுமில்லை. ஓடும் வண்டியிலிருந்தே வீசியிருப்பான் என்றார் சார்ஜன், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். கடல் தண்ணீர் இறங்கிவிட்டால் படகு போகாது என்று பண்டாரம் படகுத்துறையிலிருந்து பரிமளாவைப் போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அக்காளும் தம்பியும் தேடலில் சேரவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாதே. சாலைக்கு எதிர்ப்பக்கம், ஒரு ரம்புத்தான் மரத்தடியில் நின்று, மலாய்க்காரக் காவலர்கள் தங்களுக்காக முனியாண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜன் போனோடு அவர்கள் பக்கம் வந்தபோதுதான் பரிமளா தம்பியைப் பார்த்துச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "நம்மளே தீட்டுன்னு இந்தப் பக்கம் நிக்கிறோம். அப்பாவ மட்டும் உள்ளயாடா வெச்சிருப்பான்?"

கலயம் அதே மரத்தின் மறுபக்கத்தில் இருந்தது. சாய்ந்துவிடாமல் இரு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்திருந்தான். துணியின் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. கதிரேசன் அழுத சத்தத்தில் சிறிது நேரம் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு இளைய காவலர் ஒருவர் சார்ஜனிடம் சந்தேகம் கேட்டார். மீட்ட பொருளெல்லாம் காரோடு சேர்த்து நிலையத்துக்குப் போக வேண்டும், கைரேகை எடுத்து முடியும்வரை திருப்பித் தர முடியாது. இதை எந்தப் பொருளாகக் குறிப்பது? சார்ஜன் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம், இது பொருள் இல்லை, ஆள். காணாமல் போன ஆள் கிடைத்தால் குடும்பத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

தண்ணீர் இறங்குவதற்குள் படகு போய்த் திரும்பிவிட்டது. திருடியவர்கள் இதுவரை பிடிபடவில்லை. சாயங்காலம் கதிரேசன் மறுபடி அழைத்தார். கார் எப்போது கிடைக்கும் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு. காரும் அப்பாவின் அஸ்தியும் திருட்டுப் போனதாகப் புகாரில் எழுதியிருக்கிறதாம். அதை மாற்ற வேண்டுமாம். கொடுத்த புகாரை மாற்ற முடியாது, வேண்டுமானால் கூடுதலாக ஒன்று கொடுக்கலாம் என்றேன். அதில் என்ன எழுதப் போகிறீர்கள் என்றும் கேட்டேன். "காரத்தான் சார் அவன் திருடுனான். அப்பாவ, நெழல் பாத்து எறக்கி விட்டுட்டுத்தான் போயிருக்கான்."

வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல எங்களிடம் கருவி இருக்கிறது. அதற்குள் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் இன்னமும் யாராவது போன் போட்டு அழுதுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.